சிவன் வாதி... சுந்தரர் பிரதிவாதி! பெரியபுராண வழக்குக்கு உரை எழுதிய கோவை வக்கீல்: யார் இந்த சி.கே.சுப்பிரமணிய முதலியார்?

கோவை மத்திய சிறை என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரு செக்கு. 1908 ஜூலையில் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் அங்கேதான் செக்கிழுத்தார். அந்தக் கதை பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் அந்தச் சிறைக்குள் போய் வ.உ.சி.யைப் பார்த்து, சட்ட உதவி செய்த உள்ளூர் வக்கீல் ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 30. அரசாங்கத்துக்கு எதிராகப் பேசிய கைதிக்கு உதவுவது, அன்றைக்குத் தொழிலுக்கே ஆபத்தான காரியம். அந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை. தமிழ் படித்தவர்கள் மட்டும் அவரை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெரியபுராணம் முழுவதுக்கும் ஏழு தொகுதிகளில் உரை எழுதியவர் அவர். பெயர் சி.கே.சுப்பிரமணிய முதலியார். தமிழுலகம் அவருக்குக் கொடுத்த பட்டம் சிவக்கவிமணி.

பகலில் கோர்ட்டு, மற்ற நேரத்தில் சைவ சித்தாந்தம். சட்டத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கு இரண்டும் வேறு வேறு படிப்பு, வேறு வேறு கல்லூரி. ஆனால் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே மேஜையில் இருந்தன. எப்படி என்று பார்ப்போம்.

கோவையில் பிறந்தவர்

1878-ல் கோவையில் பிறந்தார் சுப்பிரமணிய முதலியார். அப்பா பெயர் கந்தசாமி முதலியார். பி.ஏ. படித்து வக்கீல் ஆன சுப்பிரமணிய முதலியார், சொந்த ஊருக்கே திரும்பி வந்து தொழில் நடத்தினார்.

அன்றைய கோவை, மில்களின் நகரமாக மாறிக்கொண்டிருந்த ஊர். பருத்தி, நிலம், தண்ணீர், பாகப்பிரிவினை என்று வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் தினமும் கையாள வேண்டியது மூன்று விஷயங்களை. பத்திரம், சாட்சி, அனுபவ பாத்தியதை. யார் எழுதிக் கொடுத்தது? யார் பார்த்தது? யார் அனுபவித்து வந்தது? இந்த மூன்றையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் தேவைப்படும்.

கோவையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் பேரூர் பட்டீசுவரர் கோயில். கிழக்கே போனால் அவிநாசி, திருமுருகன்பூண்டி. பெரியபுராணத்தின் நாயகரான சுந்தரர், முதலை விழுங்கிய சிறுவனை மீட்டதாகச் சொல்லப்படும் ஊர் அவிநாசி. வேடர் வேடத்தில் வந்த சிவகணங்கள் அவரிடம் வழிப்பறி செய்ததாகச் சொல்லப்படும் ஊர் முருகன்பூண்டி. திருஞானசம்பந்தர் அடியார்களின் குளிர்சுரத்தைத் தீர்த்த கதை திருச்செங்கோட்டில் நடக்கிறது. கொங்கு நாட்டுக்காரருக்குப் பெரியபுராணம் எங்கேயோ சோழ நாட்டில் நடந்த கதை இல்லை. பக்கத்து ஊர் கதை.

வக்கீல்கள் ஏன் தத்துவம் படித்தார்கள்?

சி.கே.எஸ். ஒரு விதிவிலக்கு என்று நினைத்தால் தப்பு. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் கோர்ட்டையும் சைவ சித்தாந்தத்தையும் சேர்த்துப் பிடித்தவர்கள் ஒரு பெரிய பட்டியலே இருக்கிறார்கள்.

ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளை: மாவட்ட முன்சீப்பாக வேலை பார்த்தவர். சிவஞானபோதத்தை 1895-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறகு சித்தாந்த தீபிகை என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

கா.சுப்பிரமணிய பிள்ளை: சட்டத்தில் எம்.எல். பட்டம் வாங்கியதால் எம்.எல். பிள்ளை என்றே அழைக்கப்பட்டவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்ட விரிவுரையாளர் என்ற பெருமையைப் பெற்றவர். தமிழிலும் சைவத்திலும் ஏராளமான நூல்கள் எழுதினார்.

கோவைகிழார் சி.எம்.ராமச்சந்திரன் செட்டியார்: கோவை வக்கீல். கொங்கு நாட்டு வரலாற்றை எழுதியவர்.

ஆர்.கே.சண்முகம் செட்டியார்: சட்டம் படித்த கோவைக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர்.

வ.உ.சி.யே இதற்கு இன்னொரு உதாரணம். அவரும் வக்கீல்தான். தண்டனையால் வக்கீல் சன்னதை இழந்தவர். 1912 டிசம்பரில் விடுதலையாகி, பிறகு சில காலம் கோவையிலேயே குடியிருந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். அதே வ.உ.சி. 1935-ல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். கோவைச் சிறையில் கைதியாகவும் வக்கீலாகவும் சந்தித்த இரண்டு பேருமே, பின்னாளில் சைவ நூல்களுக்கு உரை எழுதியவர்களாக ஆனார்கள்.

இது தற்செயலா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. உரை எழுதுவதும் வழக்கு நடத்துவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இதற்கு என்ன ஆதாரம், எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்கு என்ன பதில்? இரண்டு இடத்திலும் கேட்கப்படுவது இதே கேள்விகள்தான்.

கல்யாணத்தை நிறுத்திய ஓலை

பெரியபுராணத்தை 12-ம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழார், சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. நிர்வாகம் தெரிந்தவர். அதனால்தானோ என்னவோ, 4,200-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு முழு சிவில் வழக்கு வருகிறது.

கதை இதுதான். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு முதியவர் நுழைகிறார். உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டுத் தாலி கட்டு என்கிறார். என்ன வழக்கு என்றால், சுந்தரர் தனக்கு அடிமை, சுந்தரரின் தாத்தா அப்படி எழுதிக் கொடுத்த ஓலை கையில் இருக்கிறது என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உலகத்தில் உண்டா, நீ என்ன பித்தனா என்று கேட்கிறார். துரத்திப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார்.

பிறகு வழக்கு முதியவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. இங்கிருந்துதான் ஒரு வக்கீல் நிமிர்ந்து உட்காருகிற இடம்.

முதல் கட்டம், வழக்கம். இப்படி ஒரு அடிமைமுறை ஊரில் கிடையாதே என்று சபை முதியவரைத்தான் முதலில் மடக்குகிறது. பரம்பரையாக வரும் அடிமை, அதற்கான ஓலையைத்தான் இவன் கிழித்தான் என்கிறார் அவர். கிழித்ததே, தான் அடிமை என்பதை அவன் ஒப்புக்கொண்டது மாதிரிதான் என்றும் வாதாடுகிறார். இன்றைய கோர்ட்டிலும் ஆதாரத்தை அழித்தவருக்கு எதிராக ஊகிக்க இடம் உண்டு.

இரண்டாம் கட்டம், நிரூபிக்கும் பொறுப்பு. அடிமை என்று சொல்பவர் நீங்கள், நிரூபிக்க வேண்டியதும் நீங்கள் என்று சபை சொல்கிறது. மூன்று வகை ஆதாரத்தில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது. ஆட்சி, அதாவது நடைமுறை அனுபவம். ஆவணம், அதாவது பத்திரம். அயலார் காட்சி, அதாவது சாட்சி. கோவை கோர்ட்டில் தினமும் புழங்கிய அதே மூன்று!

மூன்றாம் கட்டம், நகலும் அசலும். சுந்தரர் கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். இதையும் கிழிக்காமல் பார்த்துக்கொள்வீர்களா என்று சபையிடம் உறுதி வாங்கிய பிறகே எடுத்துக் கொடுக்கிறார். கரணத்தான் அதைச் சபை நடுவே வாசிக்கிறார்.

நான்காம் கட்டம், கையெழுத்து ஒப்பீடு. சாட்சிக் கையெழுத்துகளைச் சபையோர் சரிபார்க்கிறார்கள். பிறகு சுந்தரரின் தாத்தா எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எழுத்து பொருந்துகிறது. சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பு.

கடைசியில் உங்கள் வீடு எங்கே என்று கேட்டால், முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். வந்தது சிவன்.

பிரிட்டிஷ் அரசு இந்திய சாட்சியச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1872-ல். வ.உ.சி. பிறந்ததும் அதே ஆண்டுதான். அசல் ஆவணம், நகல் ஆவணம் என்ற பிரிவினை, சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி, ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்தோடு ஒப்பிடும் முறை எல்லாம் அதில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. ஆனால் இந்த அடிப்படைகள் புதுச் சட்டத்திலும் தொடர்கின்றன. இந்தக் காட்சிக்கு உரை எழுத, தினமும் பத்திரமும் கையெழுத்தும் பார்த்த ஒரு வக்கீலை விடப் பொருத்தமான ஆள் யார்?

அதே ஊர், இன்னொரு சபை

திருவெண்ணெய்நல்லூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சைவ சித்தாந்தத்தின் தலைமை நூலான சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் அது. காலம் 13-ம் நூற்றாண்டு.

சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம்தான். ஆனால் அது சொல்லப்படும் முறையைக் கவனியுங்கள். முதலில் மேற்கோள், அதாவது நிரூபிக்க வேண்டிய கூற்று. அடுத்து ஏது, அதாவது காரணம். பிறகு எடுத்துக்காட்டு. வாதம், காரணம், முன்னுதாரணம் என்று ஒரு வக்கீல் தன் தரப்பை அடுக்குவது மாதிரியே இருக்கிறதா?

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே அளவையைப் பற்றிப் பேசுகிறது. அளவை என்றால் ஒன்றைச் சரியாக அறிந்துகொள்ளும் வழி. நேரில் காண்பது காண்டல். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத்தகுந்தவர் சொல் உரை. சாட்சி பார்த்தது, சூழ்நிலையிலிருந்து ஊகிப்பது, எழுத்தில் இருப்பது என்று கோர்ட்டும் கிட்டத்தட்ட இதே வழிகளில்தான் போகிறது.

எது ஆதாரம்? இந்தக் கேள்வி வரைக்கும் சட்டமும் தத்துவமும் ஒரே வண்டியில்தான் வருகின்றன.

பிரியும் இடம் எது?

ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் இறங்கிப் பிரிகின்றன. வெண்ணெய்நல்லூர் சபை கேட்டது, ஓலை உண்மையா என்பதை. உண்மை என்று தெரிந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டது. சபை கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தாத்தா எழுதிக் கொடுத்தால், பிறக்காத பேரன் எப்படி அடிமையாவான்?

சட்டத்தால் எல்லாக் கேள்வியையும் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரு முடிவு வேண்டும். தத்துவத்துக்கு அந்த அவசரம் இல்லை. அது நிரூபிக்கப்பட்ட விஷயம் நியாயமா என்று கேட்கும்.

இதே கேள்வியை 1748-ல் ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூமும் கேட்டார். முன்னோர் செய்ததாகச் சொல்லப்படும் ஒப்பந்தம் இன்றைய மக்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது அவருடைய சந்தேகம். இந்தியச் சட்டம் மெதுவாகத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1843-ல் வந்த சட்டம், அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்றது. 1976-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், பரம்பரையாக வரும் கடனுக்காக ஒருவர் உழைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் ஒழித்தது. அந்த மூல ஓலையை இன்றைக்கு எந்தக் கோர்ட்டில் கொடுத்தாலும், கையெழுத்து நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் செல்லாது.

அப்படியானால் சைவ சித்தாந்தம் இந்த ஓலையை எப்படி ஏற்கிறது? அங்கே அடிமை என்ற சொல்லுக்கே பொருள் வேறு. உயிர் எப்போதுமே இறைவனைச் சார்ந்தது என்பது சித்தாந்தம். ஓலை புதிதாக யாரையும் அடிமையாக்கவில்லை, மறந்துபோன உறவை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். மனிதருக்கு மனிதர் அடிமை என்று எழுதினால் அநியாயம். உயிர் இறைவனுடையது என்று எழுதினால் தத்துவம். சபைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கு முடிந்து, முதியவர் கோயிலுக்குள் மறைந்த பிறகுதான் சுந்தரருக்கே தெரிகிறது.

சட்டப்புத்தகத்தை மறுத்த ராஜா

இந்தப் பிரச்சனையைச் சேக்கிழார் இன்னொரு கதையிலும் தொடுகிறார். அது எல்லோருக்கும் தெரிந்த மனுநீதிச் சோழன் கதை. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று மாட்டிச் செத்துப்போகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது.

அமைச்சர்களிடம் சட்டம் தயாராக இருக்கிறது. சாஸ்திரத்தில் சொன்ன பரிகாரத்தைச் செய்தால் போதும் என்கிறார்கள். விதிப்படி அது சரிதான். ராஜா ஏற்கவில்லை. அடுத்தவன் ஒரு உயிரைக் கொன்றால் தண்டனை, என் மகன் கொன்றால் பரிகாரமா என்பதுதான் அவர் கேட்பது. மகனையே தேர்க்காலில் இடும் அளவுக்குப் போகிறார்.

அந்தத் தண்டனை சரியா என்பது வேறு விவாதம். ஒரு விலங்கின் இறப்புக்கு மனித உயிரா என்று இன்றைக்கு யாரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றா என்று ராஜா கேட்டது, எந்தச் சட்டக் கல்லூரியிலும் இன்றும் கேட்கப்படும் கேள்வி. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருப்பதும் அந்தக் கேள்விக்காகத்தான்.

கறுப்பு அங்கியிலிருந்து காவிக்கு

சேக்கிழாரைப் பற்றித் தனியாகவும் நூல் எழுதிய சி.கே.எஸ்., பெரியபுராண உரையை 1930-களில் வெளியிடத் தொடங்கினார். முடிக்க 1950-கள் ஆகிவிட்டது. நடுவில் இரண்டாம் உலகப்போர், சுதந்திரம், குடியரசு எல்லாம் வந்து போயின. தொடங்கும்போது ஐம்பதுகளில் இருந்தவர், முடிக்கும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஏழு தொகுதிகளையும் வெளியிட்டது கோவைத் தமிழ்ச் சங்கம். இன்றும் பெரியபுராணத்தை ஆழமாகப் படிக்க நினைக்கிறவர்கள் முதலில் தேடிப்போவது இந்த உரையைத்தான்.

கடைசிக் காலத்தில் துறவு ஏற்றார். பெயரும் மாறியது, சம்பந்த சரணாலயத் தம்பிரான். சொந்த வாழ்க்கையை எழுதி வைத்தபோது, தலைப்பிலேயே தன்னைப் பித்தன் என்று சொல்லிக்கொண்டார். கல்யாணப் பந்தலில் சுந்தரர் அந்த முதியவரைப் பார்த்துக் கோபத்தில் சொன்ன அதே வார்த்தை. மூல ஓலையில் எழுதியிருந்த பெயரும் அதுதான்.

1961-ல் காலமானார். அதே ஆண்டில்தான் ஆக்ஸ்போர்டில் ஹெச்.எல்.ஏ.ஹார்ட் எழுதிய சட்டம் என்ற கருத்தாக்கம் பற்றிய புகழ்பெற்ற நூல் வெளியானது. ஹார்ட்டும் முதலில் வக்கீல், பிறகு தத்துவ ஆசிரியர், அதன்பின் சட்டவியல் பேராசிரியர். உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் அவரைப் படிக்கிறார்கள். கோவை வக்கீலை அந்தக் கண்ணோடு யாரும் படிப்பதில்லை.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஜூரிஸ்புரூடன்ஸ் என்ற பாடம் கட்டாயம். சட்டம் என்றால் என்ன, அதற்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று கேட்கும் பாடம் அது. அங்கே ஆஸ்டின் வருவார், பெந்தம் வருவார், ஹார்ட் வருவார். வெண்ணெய்நல்லூர் சபை வருவதில்லை. தத்துவத் துறையிலும் சைவ சித்தாந்தத்திலும் அளவை பாடமாக இருக்கிறது. அங்கே சாட்சியச் சட்டம் வருவதில்லை.

மாணவர்களுக்கு இதில் நஷ்டம் இருக்கிறது. எது ஆதாரம் என்று மட்டும் கற்றவர், கையெழுத்து பொருந்தினால் அடிமை ஓலைக்கும் டிகிரி கொடுத்துவிடுவார். எது நியாயம் என்று மட்டும் கற்றவர், கிழிபட்டது நகலா அசலா என்று கேட்கவே மறந்துவிடுவார்.

சி.கே.எஸ். இரண்டையும் விடவில்லை. சிறையில் இருந்தவருக்குச் சட்டத்தால் உதவினார். சட்டத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு, பல வருஷங்கள் உட்கார்ந்து உரை எழுதினார். சுந்தரரின் வழக்கு, மனுநீதிச் சோழனின் கன்று என்று இரண்டு கதைக்கும் அந்த உரையில் இடம் உண்டு. கோவையில் சட்டம் படிக்கும் ஒரு மாணவர் அதன் முதல் தொகுதியைத் தேடி எடுத்தால், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு ஜூரிஸ்புரூடன்ஸ் வகுப்பு அங்கே காத்திருக்கிறது.